பூன்பெங் அக்காவின் இரண்டாவது ரத்தம்

பிரநோமுக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகள். மாவட்ட ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கேலி இது. லேப்பின் கடைசி அறையில், வெளிச்சம் படாத அலமாரிக்குள், திருகுமூடி போட்ட கண்ணாடிக் குப்பிகளில் இருபத்திரண்டு வகை எலிக்காய்ச்சல் கிருமிகளை அவள் உயிரோடு வளர்த்துவந்தாள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் புதுக் குப்பிக்கு மாற்றித் தீனி போட வேண்டும், சூடு ஏறக் கூடாது, குளிரக் கூடாது, வேறு கிருமி எட்டிப்பார்க்கக் கூடாது. புத்தாண்டுக்கு ஊரே ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கும்மாளம் போடும்போதும் இவள் மட்டும் நனையாமல் வந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவாள்.

"இதுங்களைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு ஒரு புருஷனைக் கட்டிக்கிட்டு அழலாமேக்கா" என்று பக்கத்து மேஜை வீரயா கேட்பாள்.

"இதுங்க வச்ச இடத்துல இருக்கும். புருஷன் இருப்பானா?" என்பாள் பிரநோம்.

வீரயாவின் புருஷன் ஒரு இடத்தில் இருக்கிறவன் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் பேச்சு அத்தோடு நிற்கும்.

கிருமிகளை எதற்கு உயிரோடு வைத்திருக்கிறாள் என்று கேட்டால் பிரநோம் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள், கேட்டவர்தான் தப்பித்து ஓட வேண்டியிருக்கும். காய்ச்சல்காரரின் ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, அதைப் பாதி பாதியாகத் தண்ணீர் சேர்த்து நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் இந்த உயிருள்ள கிருமியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். அந்த உடம்பு எந்த வகைக் கிருமியோடு மல்லுக்கு நின்றதோ, அந்த வகை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொள்ளும். எவ்வளவு நீர்த்தாலும் கட்டுகிறது என்றால் சண்டை அவ்வளவு பெரிது. கிருமிகளில் எலியிடம் வாழ்வது ஒரு வகை, பன்றியிடம் வாழ்வது ஒரு வகை, நாயிடம், மாட்டிடம் என்று ஆளுக்கொரு வீடு உண்டு. அதை வைத்து நோய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஓரளவு மோப்பம் பிடிக்கலாம். ஓரளவுதான். அடித்துச் சொல்கிறவன் லேப்பில் வேலை பார்க்காதவன்.

இப்படிக் கறாராக இருக்கிறவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வேறு ஆள். நோங்பூவா ஊருக்குத் திரும்பும் முக்குச் சாலையில் தோங்சுக்கின் கடை இருந்தது. மூங்கில் பிளாச்சில் இடுக்கி, கரியில் வாட்டிய வயலெலி, கூடவே ஒட்டரிசிச் சோறும் இடித்த மிளகாயும். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, இரண்டு எலி சொல்லிவிட்டு, அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். இரண்டு எலியைத் தின்ன ஒரு மணி நேரம் ஆகாது. தோங்சுக் பெண்டாட்டியைப் பறிகொடுத்து ஆறு வருடமான ஆள், ஐம்பது வயது. எலியை உரிக்கும்போது கையுறை போட வேண்டும், வெறுங்கையில் தொடக் கூடாது என்று அவள்தான் நாலு வருடம் முன்னால் அவனை மிரட்டிப் பழக்கினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் ரத்தத்தையும் எடுத்துப் பரிசோதிப்பாள். அவனுக்கு அவள் டாக்டர் இல்லையென்று நன்றாகத் தெரியும். இருந்தும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவான், அவள் முகம் சுளிப்பதைப் பார்க்க.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஊர் நின்றது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்த்தலைவரின் மனைவி பூன்பெங், தோங்சுக் கடையில் உட்கார்ந்து மூன்று எலியைச் சப்புக்கொட்டித் தின்றாள். புதன்கிழமை காய்ச்சல். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கெண்டைக்காலில் வலி எடுத்து நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பார்த்த மாத்திரத்தில் எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு ஊசி மருந்தை ஏற்றியதால் பிழைத்தாள். ஊர்த்தலைவர் அதற்குள் விசாரணை, சாட்சி, தீர்ப்பு மூன்றையும் தானே முடித்துவிட்டார். காலை ஆறு மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில், தோங்சுக் கடையில் யாரும் வாய் வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரி லேப் வேறு மாதிரி எழுதிக் கொடுக்கும்வரை கடை மூடியிருக்கும் என்று அறிவித்தார். எலிக்காய்ச்சல், எலிக் கடை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது அவருக்கு?

கரியில் வெந்த கறியிலிருந்து இந்தக் காய்ச்சல் வராது, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பதிலிருந்துதான் வரும், அதுவும் மூன்றே நாளில் வருவது அபூர்வம், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் உடம்புக்குள் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வரும் என்று பிரநோம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். வாரா வாரம் அங்கே எலி தின்கிறவளின் வாக்குமூலம் செல்லாது என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

காய்ச்சல் கண்ட நாலாம் நாள் எடுத்த பூன்பெங்கின் முதல் ரத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எலி வகைக்கும் ஐம்பது மடங்கு நீர்ப்போடு நின்றது, பன்றி வகைக்கும் அதே ஐம்பது. சேற்றில் பிறந்து சேற்றில் வளர்ந்த அந்த ஊரில் யாரைக் கிள்ளி ரத்தம் எடுத்தாலும் அந்த அளவுக்கு இருக்கும். பதினைந்து நாள் கழித்து இரண்டாவது ரத்தம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வகை நாலு மடங்குக்கு மேல் எகிறியிருக்கிறதோ அதுதான் ஆள். அந்த ரத்தத்தை எடுத்துத் திங்கட்கிழமை கொண்டுவரும் வேலை, நோங்பூவாவின் சுகாதாரத் தொண்டர் லம்யாய்க்கு.

திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. பூன்பெங் பெயரில் ஒரு டியூப் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் தோங்சுக் லேப் வாசலில் வந்து நின்றான். சலவைச் சட்டை போட்டிருந்தான். அதைப் பார்த்ததுமே பிரநோம் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு எழுந்தாள். மிச்சம் இருந்த கையுறைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னான். கடலோரத்து ராயோங்கில் தங்கச்சி வீட்டு முள்தோல் டுரியான் பழத் தோட்டத்தில் ஆள் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் போகிறானாம். மூன்று வாரமாகக் கடை மூடிக் கிடக்கிறது, ஊருக்குள் நடந்தால் பிள்ளைகளை இழுத்து உள்ளே விட்டுக்கொள்கிறார்கள், இனி யாருக்காக உட்கார்ந்திருப்பது என்று கேட்டான்.

"டுரியான் உரிக்கவும் கையுறை வேணுமே. பெட்டியை வச்சுக்குங்க" என்றாள்.

"அங்க யாரு டாக்டரம்மா வந்து போட்டேனா இல்லையான்னு பாக்கப் போறாங்க?"

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவன் போன பிறகு ஸ்கூட்டரை எடுத்தவள் நேராக நோங்பூவாவில் போய்த்தான் நிறுத்தினாள்.

லம்யாய் வீட்டுக்குப் பின்னால் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அவளை ஒரு பிடி பிடிப்பது என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள் பிரநோம். பாதி வசனம்கூட முடியவில்லை, திங்கட்கிழமையே ரத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று சொல்லிவிட்டாள் லம்யாய்.

"பூன்பெங் பேருல ஒண்ணும் வரலையே."

லம்யாய் கீரைக் கையோடு ஓடிவந்து அவள் வாயைப் பொத்தாத குறை.

"அக்கா, அந்தப் பேரைச் சொல்லாதீங்க. நூறு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதாம்."

பிறகு விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பூன்பெங்குக்கு, நோயில் விலகிப்போன உயிரைத் திரும்ப அழைத்து மணிக்கட்டில் நூல் கட்டினார்கள். அத்தோடு விடவில்லை. நகரத்து மடத்தில் நாள்கோள் பார்க்கும் துறவியிடம் போனார்கள். செவ்வாய்க்கிழமை பிறந்தவளுக்கு ஆகாத பெயரை ஐம்பத்தொரு வருடம் சுமந்துவிட்டாயே என்று அவர் உச்சுக்கொட்டினார். கன்யாபத் என்று புதுப் பெயர் கொடுத்தார். பழைய பெயரை நூறு நாள் யாரும் உச்சரிக்கக் கூடாது, உச்சரித்தால் வீடு தெரிந்த நாய் மாதிரி நோய் திரும்பி வந்துவிடும். பழைய பெயர் உள்ள அடையாள அட்டையைச் சிவப்புத் துணியில் சுற்றிப் புத்தர் காலடியில் வைத்தாயிற்று. வட்ட அலுவலகத்தில் பதிவதெல்லாம் அறுப்பு முடிந்த பிறகு. துணைக்குப் போன மூன்று பெண்களும் வந்ததுதான் வந்தோம் என்று ஆளுக்கொரு பெயர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ரத்தம் எடுக்கப் போன லம்யாய் டியூப்பில் என்ன எழுதுவாள்? கன்யாபத் என்று எழுதினாள்.

பிரநோம் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் திட்டவில்லை. பெயர் மாற்றுவது அங்கே சட்டை மாற்றுவதற்கு அடுத்த வேலை. அவளே இருபது வயதில் பரீட்சை ஊற்றிக்கொண்டபோது பெயர் மாற்றியவள்தான். மாற்றிய பிறகும் ஊற்றிக்கொண்டது, அது வேறு விஷயம்.

வியாழன் காலை லேப்பில் பார்த்தால், கன்யாபத், வயது ஐம்பத்தொன்று, நோங்பூவா என்று ஒட்டிய டியூப், பிரிட்ஜின் கீழ்த் தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. முதல் ரத்தம் இல்லாமல் தனியாக வந்த டியூப், அதனால் அவசரமில்லை என்று வீரயா ஓரம் கட்டியிருந்தாள். பிரநோம் உறைபெட்டியிலிருந்து பூன்பெங்கின் முதல் ரத்தத்தை எடுத்தாள். இரண்டையும் ஒரே தட்டில், அடுத்தடுத்த வரிசையில் நீர்த்தாள். ஐம்பது, நூறு, இருநூறு என்று மூவாயிரத்து இருநூறு வரை குழி குழியாகப் போயிற்று. அலமாரியைத் திறந்து எலி வகைக் குப்பியையும் பன்றி வகைக் குப்பியையும் மற்றவற்றையும் எடுத்துச் சொட்டு விட்டாள். இரண்டு மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் ஒரே மேஜையை ஐந்து முறை துடைத்தாள்.

மைக்ரோஸ்கோப்பில் இந்தக் கிருமியைப் பார்க்க இருட்டுப் பின்னணி வைப்பார்கள். கறுப்புக்குள் வெள்ளி இழைகளாக நெளியும். கட்டிக்கொள்ளாத குழியில் இழைகள் தனித்தனியாகத் துள்ளும், கட்டிக்கொண்ட குழியில் பஞ்சுப் பொதிபோல் திரண்டு கிடக்கும். எலி வகையில், இரண்டாவது ரத்தத்திலும் நூறோடு நின்றுவிட்டது. பன்றி வகைக்கு மாறினாள். இருநூறில் பொதி. நானூறில் பொதி. எண்ணூறிலும் பொதி. ஆயிரத்து அறுநூறில் பாதிக்கு மேல் திரண்டிருந்தது.

எழுந்து ஆடலாம்போல் இருந்தது. எழுந்தாள், ஆடவில்லை, அப்படியே நின்றுவிட்டாள்.

பாதிக்கு மேல் திரண்டதா, பாதிக்குக் கீழா என்று சொல்வதற்கு எந்த இயந்திரமும் கிடையாது. பார்க்கிறவரின் கண்தான் கணக்கு. அவள் கண்ணோ, ஊர்த்தலைவர் வீட்டுப் பன்றிக் கொட்டிலை நினைத்து மூன்று வாரமாகப் பன்றி, பன்றி என்று தவம் கிடந்த கண். எலியாக இருக்கக் கூடாது, தோங்சுக் பஸ் ஏறக் கூடாது என்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்த கண். இருபது வருட அனுபவத்தில் முதல்முறையாக அவளுக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்தது. இல்லாததைப் பார்த்துவிட்டேனோ? எலி வகையில் இருந்ததை விட்டுவிட்டேனோ?

அவள் தட்டில் இருந்த பெயர்ச் சீட்டுகளைப் பிய்த்தாள். எந்த வரிசை யாருடையது, எந்தக் கிருமி எங்கே என்று தன் தாளில் மட்டும் குறித்துக்கொண்டு, வெறும் எண்களை ஒட்டினாள். வீரயாவைக் கூப்பிட்டாள். வீரயாவுக்கு எலி என்றாலே குமட்டல், அந்தக் கடையை நிரந்தரமாகவே இழுத்து மூட வேண்டும் என்று சாப்பாட்டு வேளையில் வாய்விட்டுச் சொன்னவள். அதற்காகவேதான் அவளைக் கூப்பிட்டாள்.

"ஏன், உங்க கண்ணுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் வீரயா.

"நீ பாரு. பாத்ததைச் சத்தமாச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

வீரயா பார்த்தாள். எண்ணைச் சொல்வாள், திரண்டிருக்கு என்பாள், இல்லை என்பாள். பிரநோம் எழுதினாள். கருணையே இல்லாத கண் வீரயாவுக்கு. ஆனால் எலி வகையில் அவளும் நூறில் நின்றாள். பன்றி வகையில் ஆயிரத்து அறுநூறு வரை போனாள். இதில் யாருக்கோ செமத்தியா ஏறியிருக்கே என்று தானாகவே சொன்னாள். பிரநோம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை அவள் முன்னால் வைத்தாள். வீரயா படித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு அவரு மேல இவ்வளவா?" என்று கேட்டாள். அதில் கேலி இல்லை.

இத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் லேப் தலைவர் குறுக்கே நின்றார். முதல் டியூப் ஒரு பெயர், இரண்டாவது டியூப் வேறு பெயர். வேறு வேறு பெயர் என்றால் வேறு வேறு ஆள், ஜோடி ரத்தம் என்று எப்படி எழுதுவது? அந்த அம்மா பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் ஒரே தாளில் தன் கையால் எழுதி, இரண்டும் நானே என்று கையெழுத்துப் போட்டால் அறிக்கை கொடுக்கிறேன் என்றார். கறார்தான், ஆனால் நியாயம். பிரநோம் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள், அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் மூன்று மணிக்கு அவள் ஊர்த்தலைவர் வீட்டில் இருந்தாள். தூண்கள் மேல் நின்ற வீட்டின் அடியில் மூங்கில் கட்டிலில் பூன்பெங் சாய்ந்திருந்தாள், இரண்டு மணிக்கட்டிலும் வெள்ளை நூல் வளையல்போல் அடுக்கியிருந்தது. பின்பக்கம் பதினொரு பன்றிகள் உறுமிக்கொண்டிருந்தன. கொட்டிலைக் கழுவிவிடும் தண்ணீர் வாய்க்காலில் போய் இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

"கன்யாபத் அக்கா, உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாள்.

பூன்பெங்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்களில் தன் பெயரைச் சரியாகச் சொல்கிற முதல் ஆள் நீதான் என்றாள். பிரநோம் தாளை எடுத்து நீட்டியதும் மலர்ந்தது வாடியது. எழுதினால் சொன்ன மாதிரிதானே, அந்தப் பெயரை என் கையால் எழுதி நோயைத் தாம்பூலம் வைத்து அழைக்கச் சொல்கிறாயா, தலைகீழாக நின்றாலும் எழுத மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

இங்கேதான் பிரநோம் தடுமாறினாள். என்னென்னவோ சொல்லி, குழைந்து பேசி, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பன்றி விஷயத்தை நாளைக்கு அறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அவள் வாய்வரை வந்தது. ஆனால் ஒரு தட்டைப் பெயர் மறைத்துப் பார்க்கச் சொன்னவள், ஒரு மனுஷியிடம் விஷயத்தை மறைத்துக் கையெழுத்து வாங்குவதா?

"அக்கா, இதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நீங்க கையெழுத்துப் போட்டா, குத்தம் தோங்சுக் கடையில இருந்து எறங்கி உங்க பன்னிக் கொட்டில்ல ஏறும். உங்க ரத்தத்துல ஏறியிருக்கிறது எலி வகை இல்ல, பன்னி வகை."

மாடியில் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. ஊர்த்தலைவர் எட்டிப் பார்த்து, என் பன்றிமேல் எந்தக் கொம்பன் கை வைக்கிறான் என்று கேட்டார். பூன்பெங் அவரைக் கையமர்த்தினாள்.

"அப்ப நான் எதுக்குடி போடணும்? நீயே சொல்லு."

"போடலைன்னா அவரு நாளைக்குப் பத்து மணி பஸ்ல போயிடுவாரு."

"போனா உனக்கென்ன?"

பிரநோம் தரையைப் பார்த்தாள். பூன்பெங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. ஊருக்கே தெரிந்ததை நீ மட்டும் இன்னும் ரகசியமாக வைத்திருக்கிறாயா, வயது என்ன ஆகிறது உனக்கு, பல் விழுந்த பிறகு சொல்லப் போகிறாயா என்று வாரு வாரு என்று வாரினாள். பிரநோம் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவரை விடுங்க. உங்க ரத்தத்துக்குப் பேரு தெரியாதுக்கா. புதுப் பேரோட அதே கொட்டில்ல வெறுங்காலோட எறங்கிக் கழுவுனீங்கன்னா, கன்யாபத்துக்கும் வரும். அந்த வாய்க்கால்ல எறங்குற மத்தவங்களுக்கும் வரும். அவங்கெல்லாம் பேரை மாத்திக்கிட்டே இருக்க முடியுமா?"

பூன்பெங் தாளை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தாள். யோசிக்கிறேன், நீ போ என்றாள். அவ்வளவுதான். பிரநோம் வெறுங்கையோடு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் முக்குச் சாலையில் நின்றாள். இருபது வருடத்தில் முதல்முறையாக லீவு போட்டிருந்தாள். தோங்சுக் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டிய கடைக்கு முன்னால் நின்றிருந்தான். லேப்புக்குப் போகவில்லையா என்று கேட்டான். போகவில்லை என்றாள். டுரியான் மரம் எத்தனை அடி வளரும் என்று அவள் கேட்டாள், தெரியாது என்றான்.

பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. ஊர்த்தலைவர் தொண்டையைக் கனைத்து, நாய்களுக்கு வெறிநாய் ஊசி போடும் தேதி, மடத்துத் துறவிகளுக்குப் புது ஆடை கொடுக்கும் திருவிழாவுக்கு யார் யார் பந்தல் போடுவது என்று ஒவ்வொன்றாக இழுத்தார். பிறகு ஏதோ உருளும் சத்தம். நகருங்க, நான் பேசுறேன் என்று ஒரு பெண் குரல்.

"நான் கன்யாபத் பேசுறேன். ரெண்டு வாரம் முந்திவரைக்கும் பூன்பெங்."

சாலையோரம் கீரைக் கூடையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா, நானேதான் சொன்னேன். பூன்பெங். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எடுத்த ரத்தமும் என்னுது, கன்யாபத்னு போன ரத்தமும் என்னுது. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன், லம்யாய் எடுத்துக்கிட்டுப் போறா. லேப்ல பாத்ததுல அது பன்னியோட வகையாம். எங்க வீட்டுப் பன்னியாத்தான் இருக்கும், வேற யாரு வீட்டுக் கொட்டிலை நான் கழுவுனேன்? திங்கக்கிழமை பதினொரு பன்னிக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் வாய்க்கால்ல யாரும் எறங்காதீங்க. எறங்கியே ஆகணும்னா பூட்ஸ் போட்டுக்கிட்டு எறங்குங்க. தோங்சுக் கடையைத் தொறக்கலாம்."

அவள் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அது பெரிதாகவே கேட்டது. சாவுக்குப் பயப்படுகிறமாதிரி பயந்த பெயரை, ஊர் முழுக்கக் கேட்க இரண்டு முறை சொல்லிவிட்டு அந்த அம்மா மைக்கை அணைத்தாள். பிரநோமுக்குப் போய் அவள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

தோங்சுக் ஒலிபெருக்கிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இவள் பக்கம் திரும்பினான்.

"பன்னின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே."

"கையெழுத்து வராம சொல்லக் கூடாது. அதுவும் போக, மொதல்ல பாத்தப்ப என் கண்ணை நானே நம்பல. வீரயாவைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன்."

"இருபது வருஷமாப் பாக்குற கண்ணு. அதை எதுக்கு நம்பாம போனீங்க?"

பஸ் வந்துவிட்டது. சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்து சரியாக அவர்கள் முன்னால் நின்றது. நடத்துநர் படியில் தொங்கியபடி, ஏறுங்க ஏறுங்க என்று தகரத்தைத் தட்டினார்.

"அது ஆசப்பட்டுச்சு" என்றாள் பிரநோம். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. "நீங்க போகக் கூடாதுன்னு ஆசப்பட்டுச்சு. ஆசப்படுற கண்ணு சரியாப் பாக்காது. அதான்."

"யோவ், ஏறுறியா இல்லையா?" என்றார் நடத்துநர்.

தோங்சுக் தோளில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான்.

"அவங்க இன்னும் சொல்லி முடிக்கல. நீங்க கெளம்புங்க" என்றான்.

பஸ் போயிற்று. பிரநோம் மீதியையும் சொன்னாள்.